பனிமேல் போட்ட பழி

"லித்தியமா? அதுக்குப் பனிதான் ஆகாது. நம்மூர்ல பனி ஏது? தைரியமா வாங்கிப் போடுங்க."

குத்தாலம் கடைத்தெருவில் இன்வெர்ட்டருக்குப் பேட்டரி விசாரிக்கப் போனால் இந்த மூன்றும் ஒரே மூச்சில் வந்துவிடும். விற்பவர் சொல்வார், வாங்குபவர் தலையாட்டுவார், பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருப்பவர் 'நானும் வீடியோல பார்த்தேன்' என்று சாட்சி சொல்வார். நான் இருபது வருஷத்துக்கு மேலாக இதே ஊரில் இன்வெர்ட்டர் பழுது பார்த்து வயிறு வளர்ப்பவன். கடைக்காரர்களோடு எனக்குப் பகை கிடையாது. அவர்கள் அனுப்பிவைக்கும் வேலையில்தான் என் வீட்டு அடுப்பு எரிகிறது. ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பனி ஆகாது என்பது பாதி உண்மை. நம்மூரில் பனி இல்லை என்பது முழு உண்மை, ஆனால் பேட்டரி ஊரைவிட்டு நகராத வரைக்கும்தான். தைரியமாக வாங்கிப் போடுங்கள் என்கிற அந்த மூன்றாவது பேச்சுதான் பணத்தைத் தின்கிறது.

முதலில் ஊரைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அருவி எங்கே என்று கேட்பீர்கள். அது தென்காசிப் பக்கத்துக் குற்றாலம். இது கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் நடுவில், காவிரிக் கரையில் இருக்கிற குத்தாலம். தேவாரத்தில் திருத்துருத்தி. உத்தால மரத்தால் வந்த பேர் என்று கோயிலில் சொல்வார்கள். தை மாதத்து விடியலில் இங்கே வெப்பமானி 20-ஐ ஒட்டி நிற்கும். அதற்கே குரங்குக் குல்லாய் மாட்டிக்கொண்டு நடைப்பயிற்சி போகிற ஊர் இது. கத்திரியில் 40-ஐத் தொட்டுவிட்டு வரும். இந்த ஊரில் நின்றுகொண்டு, பனியால் பேட்டரி கெடும் என்ற பேச்சை நாம் ஏன் இவ்வளவு நம்பினோம்?

அது இங்கே விளைந்த பேச்சு அல்ல. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வேனையே வீடாக்கிக்கொண்டு திரிகிறவர்கள் உண்டு. நம்மூரில் கேரவன் என்றால் சினிமாப் படப்பிடிப்பில் நடிகர் ஏறி உட்காரும் வண்டி. அங்கே ஓய்வுபெற்ற ஆசிரியர்கூட வைத்திருப்பார். அந்த வண்டியில் விளக்கு, விசிறி, குளிர்பெட்டி எல்லாம் ஓட எஞ்சின் பேட்டரி போக இன்னொரு பேட்டரி இருக்கும். முன்பு அது ஈய அமிலப் பேட்டரி, இப்போது லித்தியம். அங்கே மாதக்கணக்கில் சுழியத்துக்குக் கீழே குளிர். ஆகவே அவர்கள் குளிரைப் பற்றிப் பேசுகிறார்கள், பேசத்தான் வேண்டும். அந்தப் பேச்சைக் கேட்ட நம்மவர்கள் இரண்டு முடிவுக்கு வந்தார்கள். ஒன்று, குளிர் லித்தியத்தைக் கொல்லும். இரண்டு, குளிர் இல்லாத இடத்தில் லித்தியத்துக்குச் சாவே இல்லை. அடுத்த வீட்டுக்காரரின் மருந்துச் சீட்டை வாங்கிப் படித்துவிட்டு, 'எனக்கு இந்த வியாதி இல்லை, அதனால் நான் திடமாக இருக்கிறேன்' என்று சொல்வது போலத்தான்.

குளிர் என்னதான் செய்கிறது?

வீட்டு இன்வெர்ட்டரிலும் கேரவனிலும் வருகிற லித்தியம் பெரும்பாலும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை. செல் ஒன்றுக்கு 3.2 வோல்ட், நாலு செல் சேர்ந்தால் 12.8. சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் ஒரு பக்கத்திலிருந்து கிளம்பி, மறுபக்கத்து கிராபைட் அடுக்குகளுக்குள் நுழைந்து உட்கார வேண்டும். நம் வயல் கணக்கில் சொன்னால், வாய்க்கால் தண்ணீர் வாய்மடை வழியாகப் பாத்திக்குள் போகிற மாதிரி. வாய்மடை அகலமாக இருந்தால் எவ்வளவு தண்ணீர் விட்டாலும் வாங்கிக்கொள்ளும். குளிர் அந்த வாய்மடையைக் குறுக்கிவிடுகிறது. தலைமதகை மட்டும் பழைய மாதிரியே முழுக்கத் திறந்து வைத்தால் என்ன ஆகும்? பாத்திக்குள் போக முடியாத தண்ணீர் வரப்புமேல் ஏறும். பேட்டரிக்குள் நடப்பதும் அதுதான். உள்ளே நுழைய இடம் கிடைக்காத லித்தியம், கிராபைட்டின் மேல்தோலிலேயே உலோகமாகப் படிந்துவிடுகிறது. படிந்ததில் பெரும்பங்கு திரும்பி வராது. அந்த அளவுக்குப் பேட்டரியின் கொள்ளளவு போயிற்று. படிவு ஊசி ஊசியாக வளர்ந்து நடுச் சவ்வைத் துளைத்தால் உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகவும் வழி உண்டு. சுழியம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் போடாதே என்று செல் செய்கிறவர்கள் எழுதிவைப்பது இதற்காகத்தான்.

இதில் ஒரு சொல்லை மட்டும் கவனியுங்கள்: சார்ஜ். அதே பேட்டரியிலிருந்து அதே குளிரில் மின்சாரம் எடுத்துப் பாருங்கள். மைனஸ் 20 வரைக்கும் எடுக்கலாம் என்றே பெரும்பாலான அட்டைகளில் போட்டிருக்கும். எடுக்கும்போது லித்தியம் கிராபைட்டை விட்டு வெளியே வருகிறது, மேலே படியும் பேச்சே இல்லை. வடிகால் மெதுவாக வடியும், வோல்டேஜ் கொஞ்சம் தொங்கும், வழக்கத்தைவிடக் குறைவாகக் கிடைக்கும், அவ்வளவுதான். வெயில் வந்தால் குறைந்தது திரும்பிவிடும். சும்மா கிடந்தாலும் உறைந்து வெடிப்பதில்லை, ஏனென்றால் உள்ளே தண்ணீர் கிடையாது. ஈய அமிலப் பேட்டரிக்குத்தான் அந்தக் கவலை. சார்ஜ் இறங்கிப்போன ஈயப் பேட்டரியின் அமிலம் ஏறக்குறைய தண்ணீராகிவிடும். மைனஸ் 7, 8 டிகிரியிலேயே உறைந்து பெட்டியைப் பிளக்கும். முழுசாக ஏற்றிவைத்தால் மைனஸ் 50 வரைக்கும் உறையாது. குளிர் நாட்டுக்காரர்கள் பேட்டரியை எப்போதும் ஃபுல்லாக வைத்திரு என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்த காரணம் இதுதான். இந்த வாக்கியத்தை நினைவில் வையுங்கள், பிற்பாடு வேண்டியிருக்கும்.

ஆக, குளிர் லித்தியத்தைக் கொல்வதில்லை. குளிர்ந்து கிடக்கும்போது சார்ஜைத் திணிக்கிற கைதான் கொல்கிறது. இரண்டும் ஒன்றுதானே, என்ன பெரிய வித்தியாசம் என்பவர்களுக்கு ஒரு மார்கழிக் காலையைச் சொல்கிறேன்.

என் அக்கா மகனும் அவன் சேக்காளிகள் மூன்று பேரும் சேர்ந்து பழைய டெம்போ டிராவலர் ஒன்றை வாங்கி, சீட்டைக் கழற்றிவிட்டுப் படுக்கை போட்டு, பின்பக்கம் அடியில் ஒரு தகரப் பெட்டி அடித்து 100 ஆம்பியர் அவர் லித்தியம் பேட்டரி வைத்தார்கள். பெட்டியை வண்டிக்குள் வை என்றேன். இடம் அடைக்கும் மாமா என்றான். ஊட்டிக்கு இ-பாஸ் எடுத்துக்கொண்டு கிளம்பிப் போய், தலைக்குந்தா பக்கம் ஒரு தோட்டத்துக்காரரிடம் கேட்டு வண்டியை நிறுத்திப் படுத்துவிட்டார்கள். தலைக்குந்தாவில் டிசம்பர், ஜனவரி மாதங்களில் புல்மேல் உப்புக் கொட்டினாற்போல் உறைபனி விழும். அன்றைக்கும் விழுந்தது. காலை ஆறரைக்கு எனக்குப் போன்.

"மாமா, பேட்டரி செத்துப்போச்சு. வண்டியை ஸ்டார்ட் பண்ணி அரை மணி நேரமாச்சு, ஒரு ஆம்பியர்கூட ஏறல."

"விளக்கு எரியுதா?"

"எரியுது. ஃபேனும் ஓடுது."

"அப்ப அது எப்படிடா செத்துச்சு?"

அந்தப் பேட்டரிக்குள் இருக்கிற பி.எம்.எஸ் என்ற காவல் பலகை, செல்லின் சூடு 5 டிகிரிக்குக் கீழே போனால் சார்ஜ் கதவை மட்டும் சாத்திவிடும்படி அமைத்தது. மின்சாரம் வெளியே போகும் கதவு திறந்தே இருக்கும். தகரப் பெட்டி இரவெல்லாம் வெளிக்காற்றில் கிடந்து குளிர்ந்துவிட்டது, காவல் பலகை தன் வேலையைச் செய்தது. இதில் பழுது எங்கே? ஆனால் அவர்கள் எனக்கு முன்னால் இன்னொரு மெக்கானிக்கைக் கூப்பிட்டுவிட்டார்கள். அவர் பேர் வேண்டாம். 'பி.எம்.எஸ்ஸை பைபாஸ் பண்ணிடு தம்பி, நேரா செல்லுக்கே குடு, ஏறிடும்' என்று சொல்லியிருக்கிறார். வயரை நறுக்கக் கட்டிங் பிளேயரைக் கையில் எடுத்த நேரத்தில்தான் அக்கா மகனுக்கு என் ஞாபகம் வந்திருக்கிறது. நறுக்கியிருந்தால் ஏறியிருக்கும், அவர் சொன்னது பொய்யில்லை. ஆல்டர்னேட்டர் தன்னால் முடிந்த ஆம்பியரையெல்லாம் கொட்டியிருக்கும். குறுகிக் கிடந்த வாய்மடையில் அத்தனையும் முட்டி உலோகமாகப் படிந்திருக்கும். அன்றைக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. ஆறு மாதம் கழித்து 'ஊட்டிப் பனியில் பேட்டரி போச்சு' என்று ஊரெல்லாம் சொல்லியிருப்பார்கள்.

பனிமேல் பழி விழுவது இப்படித்தான்.

எஞ்சினை அணைத்துவிட்டுப் பெட்டியைத் திறந்து வை, வெயில் நேராகப் படும்படி வண்டியைத் திருப்பு, இட்லி தின்றுவிட்டு வந்து பார் என்றேன். பதினொரு மணிக்கு முன்னால் சார்ஜ் தானாக ஏற ஆரம்பித்தது. ஏன் அவ்வளவு நேரம் என்று கேட்டான். பத்துப் பன்னிரண்டு கிலோ கனம் கொண்ட பொருள் மெதுவாகக் குளிரும், மெதுவாகத்தான் சூடேறும். வெளிக்காற்றின் சூடு வேறு, செல்லின் சூடு வேறு. வானிலை அறிக்கையைப் பார்த்துப் பேட்டரியை எடைபோடக் கூடாது.

இன்னொரு நுணுக்கத்தைக் குளிர் நாட்டு வீடியோக்களிலேயே பலர் விட்டுவிடுகிறார்கள். பேட்டரி அதிகபட்சம் குளிர்ந்து கிடக்கும் நேரம் நடுராத்திரி அல்ல, சூரியன் முளைத்த கையோடு வருகிற அந்த ஒரு மணி நேரம். கூரைமேல் சோலார் பலகை வைத்திருந்தால் அதே நேரத்தில்தான் அது கண் விழிக்கும். குளிரில் சோலார் பலகையின் வோல்டேஜும் கூடுதலாக இருக்கும். வாங்க முடியாத நேரத்தில் கொடுக்கத் துடிக்கிற கை என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய சார்ஜர்கள் இதற்கு மேல் ஒன்று செய்யும். ஈய பேட்டரிக்குக் குளிரில் கூடுதல் வோல்டேஜ் வேண்டும் என்பதால், சூட்டைப் பார்த்துத் தானாகவே வோல்டேஜை ஏற்றும் வசதி அவற்றில் உண்டு. 25 டிகிரியில் 14.4 கொடுப்பது, சுழியம் டிகிரியில் 15 வரைக்கும் ஏறிவிடும். லித்தியத்தின் உச்ச வரம்பே 14.6. லடாக் போகிறேன் என்று கிளம்புகிற பையன்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்: அந்த வசதியை அணைத்துவிட்டாயா? அணைத்தால் போதாது, பேட்டரி வண்டிக்குள் மனிதர் படுக்கிற இடத்தோடு இருக்க வேண்டும், அடியில் சூடேற்றும் விரிப்பு வேண்டும். வருகிற மின்சாரம் முதலில் விரிப்பைச் சூடாக்கி, செல் 5 டிகிரியைத் தாண்டிய பிறகுதான் சார்ஜுக்குள் போக வேண்டும். விரிப்பு இல்லையென்றால் மத்தியானம் வரை பொறுக்க வேண்டும். பனிக்கு இவ்வளவுதான் வைத்தியம். கேரளா 2021-இல் கேரவன் சுற்றுலாவுக்கென்று தனிக் கொள்கையே அறிவித்தது. இந்த வண்டிகள் இனி மலை ஏறத்தான் போகின்றன.

சரி, மலைக்கே போகாதவர்கள் கதைக்கு வருகிறேன். குத்தாலம், கதிராமங்கலம், ஆடுதுறை, மங்கநல்லூர் என்று என் வேலை நடக்கிற வட்டாரத்தில் கெட்டுப்போய் என் மேஜைக்கு வந்த லித்தியம் பேட்டரிகளில் ஒன்றுகூடப் பனியால் கெடவில்லை. அவை எப்படிக் கெட்டன?

போன வருஷம் ஒரு வீட்டுக்குப் போனேன். மொட்டை மாடியில் படிக்கட்டுக்கு மேலே தகர ஷீட் போட்ட சின்ன அறை. இன்வெர்ட்டரும் பேட்டரியும் அங்கே. கீழே வைத்தால் அசிங்கமாக இருக்கிறதாம். சித்திரை மாதம், மத்தியானம் இரண்டு மணி. கையிலிருந்த வெப்பமானியைப் பேட்டரி மேல் வைத்துவிட்டு வியர்வையைத் துடைத்துக்கொண்டு நின்றேன். 51 காட்டியது. பேட்டரியை இறக்கி மூடியைப் பிரித்தேன். நாலு செல், நீல உறை போட்டவை. புதுசில் செங்கல் மாதிரி நேராக இருக்க வேண்டியவை, நடுவில் தொந்தி போட்டிருந்தன. உறை இழுபட்டுப் பளபளத்தது, செல்களைச் சேர்த்துக் கட்டியிருந்த பட்டை சதைக்குள் இறங்கிய மோதிரம் மாதிரி பதிந்து கிடந்தது. வாங்கி மூன்று வருஷம் ஆகவில்லை. ஓடவிட்டுப் பார்த்தால் அட்டையில் எழுதியிருந்ததில் முக்கால் பங்குகூட வரவில்லை. வீட்டுக்காரர் என்னைப் பார்த்துக் கேட்ட கேள்வி: "மார்கழியில ராத்திரி ஜன்னலைத் திறந்து வெச்சதாலயா?"

சிரிக்காதீர்கள். அவர் மேல் தப்பில்லை, காதில் விழுந்ததைத்தான் கேட்டார்.

தயிர் தோய்க்கத் தெரிந்தவர்களுக்கு இந்த விஷயம் புதிதல்ல. மார்கழியில் உறை ஊற்றி வைத்தால் மறுநாள் பகலானாலும் பால் பாலாகவே இருக்கும். சித்திரையில் அதே பால் மத்தியானத்துக்குள் தோய்ந்து, மாலைக்குள் புளித்துவிடும். பேட்டரிக்குள் எந்நேரமும் வேண்டாத வேதிவினை ஒன்று மெல்ல நடந்துகொண்டேதான் இருக்கிறது. கிராபைட்டின்மேல் ஒரு தோல் தடித்துக்கொண்டே போகிறது, அதற்கு லித்தியம் செலவாகிறது. பத்து டிகிரி சூடு கூடினால் அந்த வேகம் ஏறக்குறைய இரட்டிக்கும் என்பது வேதியியல்காரர்களின் கைக்கணக்கு. 25 டிகிரியில் கிடக்கும் பேட்டரிக்கு ஒரு வருஷத்தில் ஆகிற மூப்பு, 45 டிகிரியில் மூன்று மாதத்தில் ஆகிவிடும். குளிரோ இந்த மூப்பைத் தள்ளிப்போடுகிறது. சும்மா எடுத்துவைக்கிற லித்தியத்துக்கு ஊட்டிதான் சுகவாசம், குத்தாலம் தண்டனை.

சூட்டோடு இன்னொன்று சேர்ந்தால் மூப்பு இன்னும் விரைகிறது: எப்போதும் முழுசாக ஏற்றியே வைப்பது. நினைவில் வைக்கச் சொன்னேனே, அந்த வாக்கியம் இங்கேதான் நம்மைக் கவிழ்க்கிறது. 2011, 2012, 2013 வருஷங்களை மறந்திருக்க மாட்டீர்கள். ஒரு நாளில் பாதி நேரம் கரண்ட் இல்லை. பக்கத்து மருத்தூரில் 101 மெகாவாட் எரிவாயு மின்நிலையம் இருக்கிறது, நாங்கள் விசிறி மட்டையோடு திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். டெல்டாவில் வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர் நுழைந்தது அந்தக் காலத்தில்தான். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் கரை ஏறி, வேதாரண்யம், மன்னார்குடி, பட்டுக்கோட்டைப் பக்கமெல்லாம் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்ததைப் பார்த்த பிறகு இல்லாதவர்களும் வாங்கினார்கள். எல்லாம் டியூபுலர் ஈய பேட்டரி. அதற்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்று, எப்போதும் ஃபுல்லாக வை, இறங்கினபடியே விட்டால் சல்பேட் கட்டிப் படுத்துவிடும் என்று வீடு வீடாகப் போய் மனப்பாடம் செய்துகொடுத்தவர்கள் நாங்கள்தான். அதில் என் பங்கும் உண்டு. ஈயத்துக்கு அது வேதவாக்கு. லித்தியத்துக்கு அதுவே விஷம். லித்தியம் பாதி ஏறிய நிலையில், 50, 60 சதவீதத்தில், குளிர்ச்சியான இடத்தில் கிடக்கத்தான் விரும்பும். அதைப் பழைய இன்வெர்ட்டரில் மாட்டி, ஈய பேட்டரிக்கான அமைப்பிலேயே விட்டுவிடுகிறோம். இன்வெர்ட்டர் 13.7, 13.8 வோல்ட்டில் இருபத்துநாலு மணி நேரமும் உச்சத்திலேயே பிடித்து வைத்திருக்கிறது. இப்போது கரண்ட் முன்போலப் போவதில்லை, மாதத்தில் சில மணி நேரம் போனால் உண்டு. ஆகவே நம் வீட்டு லித்தியம் வேலை செய்து சாவதில்லை. தகரத்துக்கு அடியில், வயிறு முட்டத் தின்றபடி, சும்மா உட்கார்ந்தே சாகிறது.

"ஆறாயிரம் சைக்கிள்னு அட்டையில போட்டிருக்கே" என்று கேட்பார்கள். அது ஏற்றி இறக்குகிற கணக்கு. காலக்கணக்கு வேறு. வருஷத்துக்கு இருபது தடவை இறக்குகிறவருக்கு ஆறாயிரம் என்ற எண்ணால் பிரயோஜனமே இல்லை, பேரன் காலத்தில்கூட முடியாது. வாரண்டி அட்டையின் பின்பக்கத்துச் சின்ன எழுத்தையும் படியுங்கள். பலவற்றில் எந்தச் சூட்டுக்குள் வைத்திருக்க வேண்டும் என்று எழுதியிருக்கும், தகர ஷீட் அந்த வரம்புக்குள் வராது. பராமரிப்பே வேண்டாத பேட்டரி என்று விற்கிறார்களே, தண்ணீர் ஊற்ற வேண்டாம் என்பதைத்தான் அப்படி நீட்டிச் சொல்கிறார்கள். இடம் பார்த்து வைப்பதும், வோல்டேஜைத் திருத்துவதும் பராமரிப்பில்லாமல் வேறென்ன?

இவ்வளவும் கேட்டுவிட்டு, "அதான் சொல்றேன், வெளிநாட்டுச் சரக்கு, நம்ம வெயிலுக்கு ஒத்துவராது, டியூபுலரே உத்தமம்" என்று எழுந்து நிற்கிற ஒரு கட்சி இருக்கிறது. அவர்களுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். ஈய பேட்டரியின் ஆயுளும் எட்டு, பத்து டிகிரி சூடு கூடினால் பாதியாகத்தான் குறைகிறது. அதே தகர அறையில் டியூபுலர் தண்ணீர் குடித்த வேகத்தை நான் பார்த்திருக்கிறேன். வெளிநாட்டுச் சரக்கு என்பதும் அத்தனை சரியில்லை. இந்த இரும்பு பாஸ்பேட் பேட்டரியை 1997-இல் உலகத்துக்கு அறிவித்த கட்டுரையில் அமெரிக்காவின் குட்இனஃப் பேரோடு பாதி, நஞ்சுண்டசுவாமி என்று இரண்டு நம் நாட்டுப் பேர்கள் இருக்கின்றன. அதற்கும் முன்னால், 1980-களில், அந்தப் பொருளுக்கு அடிப்படையான கருத்தைக் குட்இனஃபோடு சேர்ந்து கண்டவர் ஆறுமுகம் மந்திரம். தென் தமிழ்நாட்டு அமராபுரம் கிராமத்தில் பிறந்து, மதுரையில் படித்து, சென்னை ஐ.ஐ.டி.யில் முனைவர் பட்டம் வாங்கியவர். 2019-இல் 97 வயதில் குட்இனஃபுக்கு நோபல் பரிசு கிடைத்தபோது, ஸ்டாக்ஹோமில் அவருக்காக நோபல் உரையை ஆற்றியவரும் இவர்தான். நம் பக்கத்திலேயே காரைக்குடியில், அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில், 1953 ஜனவரியிலிருந்து மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருக்கிறது. இத்தனையும் இருந்தும், பேட்டரியை எங்கே வைப்பது என்பதற்கு மட்டும் நாம் நார்வேக்காரன் வீடியோவைப் பார்க்கிறோம். அவன் தன் ஊருக்குச் சரியாகச் சொல்கிறான். நமக்குத்தான் நம் ஊரைப் பற்றிச் சொல்ல ஆளில்லை.

சூட்டுக்குப் பேட்டரியைப் பறிகொடுப்பது வீட்டுக்காரர்கள் மட்டும் இல்லை. சம்பா அறுவடை முடிந்ததும் வாத்துக்காரர்கள் வருவார்கள், தாள் காட்டில் மேய்க்க. நம் வட்டாரத்தின் உண்மையான கேரவன்காரர்கள் என்று இவர்களைத்தான் சொல்வேன்; வயலுக்கு வயல் படுதாவைத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள். கையில் சின்ன சோலார் விளக்கு, பலகையும் பேட்டரியும் ஒரே பிளாஸ்டிக் உடம்பில். பகலெல்லாம் வரப்பில் மல்லாக்கப் போட்டுவைப்பார்கள், வேறு எப்படிச் சார்ஜ் ஏற்றுவது? மாலையில் தொட்டால் கை சுடும். உள்ளே விரல் தடிமன் லித்தியம் செல் வெந்துகொண்டே தின்றிருக்கும். ஒரு போகத்துக்கு ஒரு விளக்கு என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். பலகையையும் பேட்டரியையும் ஒரு முழ வயரால் பிரித்து, விளக்கை மட்டும் படுதா நிழலில் வைக்கும்படி ஒருவருக்குச் செய்துகொடுத்தேன். இரண்டாவது வருஷமும் அதே விளக்கோடு வந்தார். வயரை வாத்து கொத்திவிட்டது என்பதுதான் அவருடைய ஒரே புகார்.

தகர அறை வீட்டுக்கு மறுபடி போனேன். செல்களை மாற்றி, இன்வெர்ட்டரை லித்தியம் அமைப்புக்குத் திருப்பி, பிடித்து வைக்கிற வோல்டேஜை 13.4-க்கு இறக்கினேன். ஊருக்குப் போனால் பாதி சார்ஜில் சுவிட்சைப் பிரித்துவிட்டுப் போங்கள் என்று சுவரில் எழுதி ஒட்டினேன். மீதி இருந்தது இடம். வீட்டுக்காரர் மாடியையே காட்டினார். நான் வீட்டைச் சுற்றி வந்தேன். முன்பக்கம் கான்கிரீட், பின்பக்கம் பழைய ஓட்டு வீடு அப்படியே இருந்தது. ரேழியில் வடக்குச் சுவரை ஒட்டி வெயிலே விழாத ஒரு மூலை, தரையில் வட்டமாக ஒரு தடம். அங்கே வெப்பமானியை வைத்தேன். வெளியே 39, அங்கே 31.

"இங்கயே வைங்க."

உள்ளேயிருந்து ஆச்சி எட்டிப் பார்த்தார். "அது குதிர் இருந்த எடம்ப்பா. வெத நெல்லு வெப்போம். சூடு பட்டா மொளைக்காதுன்னு மாமனார் அங்கதான் வெக்கச் சொல்வாரு."

வயர் பன்னிரண்டு மீட்டர் கூடுதலாகப் பிடித்தது. அந்தக் காசையும் பில்லில் சேர்த்தேன்.